லிப்ரே ஆபீஸ் திறக்கவில்லையா? சேஃப் மோடு முதல் முழு ரீஇன்ஸ்டால் வரை ஒரு மதிப்பீடு

ஐகானை இரண்டு முறை தட்டினால் வரவேற்புப் படம் வந்து மறைந்துவிடுகிறது. சில கணினிகளில் அதுகூட வருவதில்லை. கடிதம், கணக்கு போன்ற அலுவலக வேலைகளுக்கான இலவச மென்பொருள் லிப்ரே ஆபீஸ் இப்படி அடம்பிடிக்கும்போது அக்கம்பக்கத்தில் கிடைக்கும் யோசனை ஒன்றுதான்: அன்இன்ஸ்டால் பண்ணிட்டு மறுபடி போடு. அரை மணி நேரம் செலவழித்துப் போட்டபிறகும் அதே படம் வந்து அதே மாதிரி மறைகிறது. கெட்டுப்போனது ஒரு இடத்தில் இருக்க, நாம் கழற்றி மாட்டியது வேறு இடத்தை. பல சமயம் நடப்பது இதுதான்.

லிப்ரே ஆபீஸ் கணினியில் இரண்டு இடங்களில் குடியிருக்கிறது. விண்டோஸில் மென்பொருள் சி டிரைவில் ப்ரோகிராம் ஃபைல்ஸுக்குள் லிப்ரேஆபீஸ் என்ற ஃபோல்டரில் இருக்கிறது. உங்கள் அமைப்புகள், நீங்கள் சேர்த்த சொற்கள், மேக்ரோ (தானாக வேலை செய்யும் சிறு நிரல்), டெம்ப்ளேட் (மாதிரி ஆவணம்), எக்ஸ்டென்ஷன் (கூடுதல் இணைப்பு) எல்லாம் யூசர் ப்ரொஃபைல் என்ற தனி ஃபோல்டரில் இருக்கின்றன. அன்இன்ஸ்டால் முதலாவதை மட்டும் நீக்கும். இரண்டாவதைத் தொடாது. மறுபடி இன்ஸ்டால் செய்ததும் புது மென்பொருள் நேராகப் போய் அந்தப் பழைய ப்ரொஃபைலைத்தான் படிக்கிறது. வேலை நடந்துகொண்டிருக்கையில் மின்சாரம் போனது, சி டிரைவ் நிரம்பி வழிந்தது, புதுப் பதிப்போடு ஒத்துப்போகாத எக்ஸ்டென்ஷன் ஒன்று தங்கிவிட்டது என்று எதனால் ப்ரொஃபைல் சிதைந்திருந்தாலும் அந்தச் சிதைவு அப்படியே காத்துக்கொண்டிருக்கும்.

மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடலாம். பழுது பார்க்க லிப்ரே ஆபீஸ் தரும் சேஃப் மோடு, இலவச மென்பொருள்களில் மட்டுமல்ல, காசு கொடுத்து வாங்குபவற்றிலும் அபூர்வமாகக் கிடைக்கும் தரம். அன்இன்ஸ்டாலர் அந்தத் தரத்தில் இல்லை. ப்ரொஃபைலை வைத்துக்கொள்ளவா, நீக்கவா என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் எத்தனையோ பேரின் வீண் வேலை மிச்சமாகியிருக்கும். பயனரின் மேக்ரோவையும் டெம்ப்ளேட்டையும் கேட்காமல் அழிக்காமல் இருப்பது நல்ல முடிவுதான். ஆனால் அவை அங்கேயே இருக்கின்றன என்று சொல்லாமல் விடுவது குறை.

எதையும் நீக்குவதற்கு முன் டாஸ்க் மேனேஜரைத் திறந்து டீட்டெய்ல்ஸ் பக்கத்தில் எஸ்ஆபீஸ் டாட் பின் (soffice.bin) என்ற பெயரைத் தேடுங்கள். முந்தைய முறை சரியாக மூடாமல் பின்னணியில் தொங்கிக்கொண்டிருக்கும் இந்த ப்ராசஸ் இருக்கும்வரை, ஐகானைத் தட்டும்போது புதிதாக ஒன்று தொடங்காது; தொங்கிக்கொண்டிருப்பதிடமே வேலை போகும், அது பதில் சொல்லாது. அதையும் எஸ்ஆபீஸ் டாட் இஎக்ஸ்இ என்பதையும் எண்ட் டாஸ்க் கொடுத்து முடித்துவிட்டு மறுபடி திறந்து பாருங்கள். இதிலேயே சரியாகிற கணினிகள் உண்டு. திறக்கும்போது ஆவணத்தைத் தட்டித் திறக்காதீர்கள். ஸ்டார்ட் மெனுவிலிருந்து லிப்ரே ஆபீஸை மட்டும் திறங்கள். அது திறந்து, குறிப்பிட்ட ஆவணம் மட்டும் திறக்காவிட்டால் கோளாறு அந்த ஃபைலில். ரீஇன்ஸ்டால் அதற்கு மருந்தல்ல.

திரையில் பிழைச் செய்தி வந்தால் அதை முழுக்கப் படிப்பது முக்கியம். எந்த இடம் கெட்டிருக்கிறது என்பதை அதுவே சொல்லிவிடும். பூட்ஸ்ட்ராப் டாட் ஐஎன்ஐ என்ற ஃபைல் கெட்டுவிட்டது என்று வந்தால் அந்த ஃபைல் ப்ரோகிராம் ஃபைல்ஸ் பக்கம் இருப்பது. ரிப்பேரோ ரீஇன்ஸ்டாலோ தேவை. யூசர் இன்ஸ்டலேஷனை முடிக்க முடியவில்லை என்ற வகையில் வந்தால் ப்ரொஃபைல் ஃபோல்டரில் கோளாறு, அல்லது அதில் எழுத அனுமதி இல்லை. மென்பொருளை எத்தனை முறை மாற்றிப் போட்டாலும் போகாது. ஏதோ ஒரு டிஎல்எல் (மென்பொருள்கள் பயன்படுத்தும் துணை ஃபைல்) காணவில்லை, அதன் பெயரில் 140 என்ற எண் இருக்கிறது என்றால் மென்பொருள் ஓடத் தேவையான, மைக்ரோசாஃப்டின் விஷுவல் சி ப்ளஸ் ப்ளஸ் ரன்டைம் என்ற துணைத் தொகுப்பு இல்லை என்று பொருள். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து அதை மட்டும் இறக்கிப் போட்டால் போதும். டிஎல்எல் ஃபைலைத் தனியாகத் தரும் தளங்களின் பக்கமே போக வேண்டாம். இன்னொன்று: 2025 ஆகஸ்ட்டில் வந்த 25.8 பதிப்பிலிருந்து விண்டோஸ் 7, 8, 8.1 மூன்றிலும் லிப்ரே ஆபீஸ் ஓடாது. பழைய கணினியில் புதுப் பதிப்பைப் போட்டுவிட்டுப் போராடுவதில் பயனில்லை.

இனி சேஃப் மோடு. 5.3 பதிப்பிலிருந்து இருக்கும் வசதி. விண்டோஸ் ஸ்டார்ட் மெனுவில் லிப்ரே ஆபீஸ் ஃபோல்டருக்குள் லிப்ரேஆபீஸ் சேஃப் மோடு என்று தனி ஐகானே உண்டு, எனவே மென்பொருள் திறக்காத நிலையிலும் இதைத் தொடங்கலாம். இதைத் தட்டினால் உங்கள் ப்ரொஃபைலை ஓரமாக வைத்துவிட்டு, தற்காலிகமான புது ப்ரொஃபைலோடு, ஹார்டுவேர் ஆக்சிலரேஷனையும் (கிராஃபிக்ஸ் கார்டின் உதவியை) அணைத்துவிட்டு ஒரு சன்னல் திறக்கும். இந்தச் சன்னல் வந்துவிட்டாலே ஒரு பெரிய செய்தி கிடைத்துவிடுகிறது: ப்ரோகிராம் ஃபைல்ஸ் பக்கம் நலமாக இருக்கிறது. அதாவது ரீஇன்ஸ்டால் தேவையே இல்லை. கீழே கன்டினியூ இன் சேஃப் மோடு என்பதைத் தட்டி ஆவணம் எழுதும் ரைட்டரையும் கணக்குத் தாள் கால்க்கையும் திறந்து பார்த்து இதை உறுதி செய்துகொள்ளலாம். அவசர வேலை இருந்தால் அன்றைய ஆவணத்தை இதிலேயே முடித்துவிடலாம். ஆனால் சேஃப் மோடில் மாற்றும் அமைப்புகள் நிலைக்காது.

அந்தச் சன்னலில் நான்கு தேர்வுகள் மேலிருந்து கீழாக இருக்கின்றன. லேசான சிகிச்சையிலிருந்து கனமான சிகிச்சை வரை அடுக்கியிருக்கிறார்கள். அந்த வரிசையிலேயே போவதுதான் சரி. முதலாவது, காப்புப் பிரதியிலிருந்து மீட்பது. லிப்ரே ஆபீஸ் தன் அமைப்புகளை அவ்வப்போது ப்ரொஃபைலுக்குள் பேக் என்ற ஃபோல்டரில் சுருக்கி வைத்துக்கொள்கிறது. கடைசியாக நன்றாக ஓடிய நிலைக்கு அதிலிருந்து திரும்ப முடியும். காப்பு எதுவும் இல்லையென்றால் இந்தத் தேர்வு மங்கலாகத் தெரியும். இரண்டாவதில் எல்லா எக்ஸ்டென்ஷன்களையும் முடக்கலாம், ஹார்டுவேர் ஆக்சிலரேஷனை நிறுத்தலாம். மூன்றாவது எக்ஸ்டென்ஷன்களையே நீக்குவது. நான்காவது, தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்புவது. இந்த நான்காவதற்குள் இரண்டு உண்டு. அமைப்புகளையும் மெனு மாற்றங்களையும் மட்டும் திருப்புவது ஒன்று. முழு ப்ரொஃபைலையும் திருப்புவது இன்னொன்று. முழு ப்ரொஃபைல் என்றால் உங்கள் சொல்லகராதி, ஆட்டோகரெக்ட் பட்டியல், மேக்ரோ எல்லாம் போய்விடும்.

அதனால்தான் அதே சன்னலின் அடியில் அட்வான்ஸ்டு என்று இருப்பதை விரித்துப் பார்க்க வேண்டும். ப்ரொஃபைலை ஜிப் ஆக்கும் பட்டனும், ப்ரொஃபைல் ஃபோல்டரைத் திறந்து காட்டும் பட்டனும் அங்கே இருக்கின்றன. நான்காவது தேர்வுக்குப் போகுமுன் ஜிப் எடுத்து வேறு டிரைவில் வைத்துவிடுங்கள். இவ்வளவு நல்ல வசதியை மடிப்புக்குள் ஒளித்து வைத்திருப்பது இந்தச் சன்னலின் ஒரே குறை. தேர்வு செய்தபின் அப்ளை சேஞ்சஸ் அண்ட் ரீஸ்டார்ட் என்பதைத் தட்டினால்தான் மாற்றம் நடக்கும். வெறுமனே டிக் போட்டுவிட்டு மூடினால் ஒன்றும் நடக்காது.

சேஃப் மோடு சன்னலும் வரவில்லை, அல்லது நான்கு தேர்வையும் பார்த்தாகிவிட்டது என்றால் ப்ரொஃபைலைக் கையால் மாற்றலாம். விண்டோஸ் சாவியையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் %ஆப்டேட்டா% (appdata) என்பதை ஆங்கில எழுத்தில், இரண்டு பக்கமும் சதவீதக் குறியோடு, இடைவெளி இல்லாமல் அடித்து என்டர் கொடுங்கள். ரோமிங் ஃபோல்டர் திறக்கும். அதில் லிப்ரேஆபீஸ், அதற்குள் 4, அதற்குள் யூசர். நீங்கள் போட்டிருப்பது 7 ஆக இருந்தாலும் 25 ஆக இருந்தாலும் இந்த 4 மாறாது. பழைய பதிப்பின் மிச்சம் என்று நினைத்து வேறெங்கும் தேட வேண்டாம். எஸ்ஆபீஸ் எதுவும் ஓடவில்லை என்று உறுதி செய்துகொண்டு, யூசர் என்ற ஃபோல்டரின் பெயரை யூசர் பழையது என்பதுபோல் மாற்றுங்கள். அழிக்காதீர்கள். பிறகு லிப்ரே ஆபீஸைத் திறந்தால் அது தானாகவே புதிய யூசர் ஃபோல்டரை உண்டாக்கிக்கொள்ளும். இப்போது திறந்துவிட்டால் பழியெல்லாம் பழைய ப்ரொஃபைல் மேல்தான்.

பழையதிலிருந்து எதைத் திரும்ப எடுத்துவருவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். முழு ஃபோல்டரையும் அப்படியே ஒட்டினால் நோயும் சேர்ந்து வந்துவிடும். லிப்ரே ஆபீஸை மூடிவிட்டு ஒவ்வொரு ஃபோல்டராக நகலெடுத்து, ஒவ்வொரு முறையும் திறந்து பாருங்கள். வேர்டுபுக் ஃபோல்டரில் நீங்கள் சேர்த்த சொற்கள் இருக்கின்றன. ஆட்டோகரில் தானியங்கித் திருத்தங்கள். ஆட்டோடெக்ஸ்ட், டெம்ப்ளேட், கேலரி ஆகியவை பெயருக்கேற்றபடி. மேக்ரோ எழுதியிருந்தால் பேசிக் ஃபோல்டரை முழுதாக எடுங்கள். ஒரு மாட்யூல் ஃபைலை மட்டும் எடுத்துப் போட்டால் மேக்ரோ பட்டியலில் தெரியாது, ஏனென்றால் எந்தெந்த மாட்யூல் இருக்கிறது என்ற பட்டியல் பக்கத்திலுள்ள எக்ஸ்எல்பி ஃபைலில் தனியாக எழுதப்பட்டிருக்கிறது. ரெஜிஸ்ட்ரிமாடிஃபிகேஷன்ஸ் என்ற எக்ஸ்சியு ஃபைலையும், எக்ஸ்டென்ஷன் இருக்கும் யூனோ பேக்கேஜஸ் ஃபோல்டரையும், கேஷ் ஃபோல்டரையும் கொண்டுவர வேண்டாம். சந்தேகத்துக்குரியவை அவைதான். எக்ஸ்டென்ஷனைப் புதிதாக இறக்கியே போட்டுக்கொள்ளலாம்.

பேக்அப் என்ற ஃபோல்டர் ஒன்றும் பழைய யூசருக்குள் இருக்கும். சேமிக்காமல் போன ஆவணங்களின் மீட்புப் பிரதி கிடைக்க வாய்ப்புள்ள இடம் அது. ப்ரொஃபைலை முழுதாக அழிக்கச் சொல்லும் அவசர யோசனைகள் இந்த ஃபோல்டரைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்வதில்லை.

சேஃப் மோடில் நன்றாக ஓடுகிறது, புது ப்ரொஃபைலிலும் திறந்த சில நிமிடத்தில் விழுகிறது என்றால் கிராஃபிக்ஸைச் சந்தேகியுங்கள். 2020இல் வந்த 7.0 முதல் விண்டோஸில் திரையில் வரையும் வேலையை ஸ்கியா என்ற பகுதி செய்கிறது. அது வல்கன் என்ற வரைகலை இடைமுகம் வழியாக கிராஃபிக்ஸ் டிரைவரோடு பேசுகிறது. டிரைவர் பழையதாக இருந்தால் சிக்கல் அங்கே. சேஃப் மோடில் திறந்து, மேலே சொன்ன இரண்டாவது தேர்வில் ஹார்டுவேர் ஆக்சிலரேஷனை நிறுத்திவிட்டுத் திரும்புங்கள். பிறகு வழக்கமான முறையில் திறந்து டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லிப்ரேஆபீஸ், வியூ என்று போய் ஃபோர்ஸ் ஸ்கியா சாஃப்ட்வேர் ரெண்டரிங் என்பதில் டிக் போட்டுக்கொள்ளலாம். வேகம் குறைவதைக் கடிதம் அடிக்கும் வேலையில் உணர மாட்டீர்கள்.

இத்தனைக்கும் மசியவில்லை என்றால் மென்பொருள் பக்கம் போகலாம். அங்கேயும் முதலில் ரிப்பேர். கன்ட்ரோல் பேனலில் ப்ரோகிராம்ஸ் அண்ட் ஃபீச்சர்ஸ் திறந்து, லிப்ரே ஆபீஸைத் தேர்ந்தெடுத்து சேஞ்ச் கொடுத்தால் மாடிஃபை, ரிப்பேர், ரிமூவ் என்று மூன்று வரும். ரிப்பேர் சிதைந்த ஃபைல்களை மட்டும் மாற்றும். சில நிமிட வேலை.

முழுதாக நீக்குவது என்று முடிவு செய்தால், நீக்குவதற்கு முன்பே புது இன்ஸ்டாலரை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். 64 பிட் விண்டோஸுக்கான எம்எஸ்ஐ ஃபைல் (இன்ஸ்டாலர்) சுமார் 350 எம்பி. லிப்ரே ஆபீஸை வெளியிடும் டாக்குமென்ட் ஃபவுண்டேஷனின் லிப்ரேஆபீஸ் டாட் ஓஆர்ஜி தளம் தவிர வேறெங்கும் எடுக்க வேண்டாம். இறங்கிய ஃபைலை வலது சொடுக்கி ப்ராப்பர்ட்டீஸில் டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ் பக்கம் பார்த்தால் தி டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் என்ற பெயர் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த ஃபைலைத் தட்டவே தட்டாதீர்கள். தளத்தில் பொதுவாக இரண்டு பதிப்புகள் கிடைக்கும். அலுவலகக் கணினிக்குப் பதிப்பு எண் குறைவானதே நல்லது. அதில் பல மாதத் திருத்தங்கள் சேர்ந்திருக்கும்.

நீக்கும் வரிசை இது. தனியாகப் போட்டிருந்தால் முதலில் ஹெல்ப் பேக் (உதவிக் குறிப்புத் தொகுப்பு). பட்டியலில் அது வேறு வரியாக இருக்கும். பிறகு லிப்ரே ஆபீஸ். பிறகு கணினியை ரீஸ்டார்ட். ரீஸ்டார்ட்டைத் தவிர்க்க வேண்டாம். பயன்பாட்டில் இருந்த சில ஃபைல்கள் அப்போதுதான் போகும். திரும்ப வந்ததும் ப்ரோகிராம் ஃபைல்ஸில் லிப்ரேஆபீஸ் ஃபோல்டர் மிச்சம் இருந்தால் அழியுங்கள். ரோமிங்கில் உள்ள லிப்ரேஆபீஸ் ஃபோல்டரின் பெயரை மாற்றுங்கள். இந்தக் கடைசிப் படிதான் முழு அன்இன்ஸ்டால் என்பதன் உயிர். இதை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் செய்தும் செய்யாததுதான்.

அன்இன்ஸ்டாலே நடக்காமல் 1714 என்ற எண்ணோடு பழைய பதிப்பை நீக்க முடியவில்லை என்று வருவதுண்டு. விண்டோஸ் ஃபோல்டருக்குள் இன்ஸ்டாலர் என்றொரு மறைந்த ஃபோல்டர் இருக்கிறது. ஒவ்வொரு எம்எஸ்ஐயின் நகலும் அங்கேதான் இருக்கும். நீக்குவதற்கும் ரிப்பேருக்கும் விண்டோஸ் அதைத்தான் தேடும். இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று துப்புரவு மென்பொருளோ கைகளோ அதைக் காலி செய்திருந்தால் நீக்க வழி தெரியாமல் விண்டோஸ் நின்றுவிடும். இதற்கு மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் ப்ரோகிராம் இன்ஸ்டால் அண்ட் அன்இன்ஸ்டால் ட்ரபிள்ஷூட்டர் கைகொடுக்கும். இன்னொரு வழி, டாக்குமென்ட் ஃபவுண்டேஷனின் டவுன்லோடு ஆர்க்கைவில் உங்களிடம் இருந்த அதே பதிப்பை, கடைசிப் புள்ளி எண் வரை பொருத்தி இறக்கி, அதை ஓட்டி ரிப்பேர் செய்து, பிறகு நீக்குவது. பழைய பதிப்புகளை எல்லாம் இப்படித் திறந்து வைத்திருப்பதற்கு அந்த அமைப்பைப் பாராட்டியே ஆக வேண்டும்.

மறுபடி போடுவது எளிது. லாகின் கிடையாது, சாவி எண் கிடையாது, ஆக்டிவேஷன் கிடையாது. டிபிக்கல் என்பதை விட்டு கஸ்டம் தேர்ந்தெடுத்தால் தமிழ் இடைமுகத்தை அங்கே சேர்க்கலாம், தேவையற்ற மொழி அகராதிகளைக் கழிக்கலாம்.

மைக்ரோசாஃப்ட் ஆபீஸோடு ஒப்பிட்டால் அங்கே குயிக் ரிப்பேர், ஆன்லைன் ரிப்பேர் என்று இரண்டு படிகள் தெளிவாக இருக்கின்றன. முதலாவதற்கு இணையம் தேவையில்லை, இரண்டாவது ஏறக்குறைய மறு இன்ஸ்டால். முழுதாகத் துடைக்கத் தனிக் கருவியும் தருகிறார்கள். அந்த விஷயத்தில் அவர்கள் முன்னால். ஆனால் வேர்டின் நார்மல் டெம்ப்ளேட் கெட்டிருந்தால் அங்கேயும் அன்இன்ஸ்டால் அதை விட்டுவைக்கத்தான் செய்யும். சிதைந்ததைத் துல்லியமாகத் தேர்ந்தெடுத்துத் திருத்த லிப்ரே ஆபீஸ் சேஃப் மோடைப் போல ஒரே சன்னல் அங்கே இல்லை.

லினக்ஸிலும் மேக்கிலும் கதை இதேதான். உபுண்டுவில் நீக்கும்போது பர்ஜ் என்ற கட்டளை கொடுத்தால் எல்லாம் போய்விடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. பர்ஜ் நீக்குவது கணினி அளவிலான அமைப்புகளை. உங்கள் ஹோம் ஃபோல்டரில் மறைந்திருக்கும் கான்ஃபிக் ஃபோல்டருக்குள் உள்ள லிப்ரேஆபீஸ், 4, யூசர் அப்படியே இருக்கும். ஒருமுறை சூடோ போட்டு (நிர்வாகி அதிகாரத்தோடு) லிப்ரே ஆபீஸைத் திறந்திருந்தால் அந்த ஃபோல்டரின் சில ஃபைல்கள் ரூட் என்ற நிர்வாகியின் பெயருக்குப் போய்விடும் வாய்ப்புண்டு. அப்போது வரும் பிழைதான் மேலே சொன்ன யூசர் இன்ஸ்டலேஷன் செய்தி. உரிமையை உங்கள் பெயருக்கு மாற்றினால் தீர்ந்தது. ஸ்னாப், ஃப்ளாட்பேக் என்ற தொகுப்பு முறைகள் வழியாகப் போட்டிருந்தால் ப்ரொஃபைல் அவற்றின் சொந்த ஃபோல்டருக்குள் இருக்கும், கான்ஃபிக்கில் தேடிக்கொண்டிருக்காதீர்கள். மேக்கில் ஆப்பைக் குப்பைத்தொட்டிக்கு இழுத்தாலும் லைப்ரரி, அப்ளிகேஷன் சப்போர்ட், லிப்ரேஆபீஸ் என்ற இடத்தில் ப்ரொஃபைல் தங்கிவிடும்.

புது ப்ரொஃபைலோடு திறந்ததும் தமிழில் அடிப்பவர்கள் பார்க்க வேண்டியது ஒன்று பாக்கி. டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லாங்குவேஜஸ் அண்ட் லொக்கேல்ஸ், ஜெனரல் பக்கத்தில் காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட் (சுருக்கமாக சிடிஎல், தமிழ் போன்ற மொழிகளுக்கான அமைப்பு) டிக் ஆகி, மொழி தமிழாக இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால்தான் லிப்ரேஆபீஸ் ரைட்டர் என்பதன் கீழ் பேசிக் ஃபான்ட்ஸ் சிடிஎல் என்ற பக்கம் தெரியும். உங்கள் வழக்கமான யூனிகோடு தமிழ் எழுத்துருவையும் அளவையும் அங்கே கொடுக்க வேண்டும். பழைய ஆவணங்கள் தங்கள் எழுத்துருவின் பெயரைத் தங்களுக்குள்ளேயே வைத்திருப்பதால் அவற்றுக்கு இது தேவையில்லை. புதிதாகத் தொடங்கும் ஆவணங்களில்தான் எழுத்துரு மாறிப்போய், லிப்ரே ஆபீஸ் இன்னும் சரியாகவில்லையோ என்ற சந்தேகம் வரும்.